ரோமாபுரியில் ஒரு நாழிகை

கூதிர்ப் பருவத்தின் நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. டைட்டனில் ஒரு பருவம் கழிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். சனிக்கோளைச் சுற்றும் இந்நிலவில் முதன்முதல் குடியேறிய தமிழர் அக்கணக்கைக் கேட்டதும் சிரித்தனர் என்றும், சிரித்து முடிந்ததும் யாரும் சொல்லாமலே கைகூப்பினர் என்றும் சொல்வார்கள். மழை ஓயவில்லை. தீண்டினால் உயிர் உறையும் மீத்தேன் மழை அது. சுண்டைக்காய்ப் பருமனில் திரண்ட துளிகள், ஈர்ப்பு மெலிந்த அவ்வானிலிருந்து, காம்பு கழன்ற பூக்களைப் போல மெல்ல மெல்ல இறங்கின. நகரை மூடிய குவிமாடத்தின்மேல் அவை விழும் ஓசை, நெடுநேரம் அழுது ஓய்ந்தவர் கடைசியாக விடும் மூச்சைப் போலிருந்தது. வானம் பொன்னும் புழுதியும் கலந்த நிறம். அப்புகைக்குப் பின்னே சனியின் முகம், இருந்தும் காட்சி தராமல் நின்றது.

மழையின் கீழ் கூதிர்நகர் துக்கம் காத்தது. இருபத்தைந்து ஆண்டு ஆண்ட வளிக்காவலர் மெய்யப்பர் மறைந்து பத்து நாள் ஆகியிருந்தது.

நகரத்தின் மூச்சுக்காற்றை ஆள்பவரே வளிக்காவலர். குவிமாடம் முதல்முறை விரிசல் கண்டபோது, அவை கூடிப் பேச நேரமில்லாமல் அதிகாரம் முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். விரிசல் அடைபட்டது, அதிகாரத்தை மக்கள் திரும்பக் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. அவருக்குப்பின் வந்த மருமகன் தன் நிழலையும் ஐயுற்றான். அம்மருமகன் தத்தெடுத்த மூன்றாமவனுக்கு இப்போது பெயர் இல்லை. தன் ஊர்வலத்தை ஏளனம் செய்ததற்காகக் கீழைவட்டம் என்னும் பகுதியின் காற்றை ஒரு முற்பகல் அடைக்கச் சொன்னவன் அவன். நூற்றுப் பன்னிருவர் இறந்தனர். மறுவாரம் அவனும் கொல்லப்பட்டான். கல்லிலும் ஏட்டிலும் இருந்த அவன் பெயரை நகரத்தார் செதுக்கி எடுத்தனர். அன்று அவனுடன் நின்றவர் பெயர்களும் அதே உளிக்கு இரையாயின. மக்கள் அவனைப் பெயரிலி என்றார்கள்.

அதன்பின் மெய்யப்பரை ஆட்சியில் அமர்த்திய அவை ஒரு சட்டம் செய்தது. இனி வாரிசாக வருபவர், அமர்வதற்கு முன் ஒருமுறை ஆண்டு காட்டவேண்டும்.

ஆள்வதற்கு ஒரு நாடும் உண்டாக்கினார்கள். சோதனைக் கூடத்தின் இருக்கையில் படுப்பவர் ஒன்பது நாள் உறங்குவார். அவ்வுறக்கத்தில் இருபது ஆண்டு ரோமாபுரியின் பேரரசராக வாழ்வார். தாம் யார் என்பது அங்கே அவருக்கு நினைவிராது. விழித்தபின் அங்கே செய்தது அனைத்தும் நினைவிருக்கும். மெய்யப்பர் ஒருவர்பின் ஒருவராக மூவரைத் தத்தெடுத்தார். மூவரும் கொடுங்கோலராய் விழித்தெழுந்தனர். ஒருவர் கவசம் அணியாமல் வெளிக்கதவைத் திறந்து மழைக்குள் நடந்துவிட்டார். ஒருவர் பேச்சிழந்தார். மூன்றாமவர் திருமேனி, கோயில் கூட்டுகிறார். நான்காமவர் சேந்தன், முப்பத்தொரு வயதினர், குழாய் பழுதுபார்ப்பவரின் மகன். அவர் உறங்கத் தொடங்கி இது ஏழாம் நாள்.

"என்னம்மா, உங்க ரோமாபுரியில இன்னிக்கு யார் தலை உருண்டுச்சு?"

கேட்டவர் காவல்படைத் தலைவர் கலியராயன். கூடத்தின் வாயிலில் கோலை ஊன்றி நின்றார். சோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பூங்கோதை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய கண்கள் எழுத்துக்களைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை.

"பதினஞ்சாவது வருஷம் நடக்குது. சித்தப்பா மகனைத் தீவுக்கு நாடு கடத்தியிருக்கார்."

"கடத்துனது எப்போ?"

"மாசியில."

"அப்ப பங்குனியில கொன்னிருப்பாரு."

"இல்லை." பூங்கோதை அவ்வரியை ஒருமுறை சரிபார்த்தார். "ஆனியில."

கலியராயன் சிரித்தார்; அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "எனக்கொரு சந்தேகம். நம்ம நாட்டுல அரசனே இல்லாத மாதிரி, எதுக்கு ரோமாபுரியைப் பிடிச்சீங்க?"

"நம்ம அரசர்களோட புகழ்தான் நமக்குக் கல்லுல கிடைச்சுது. ரோமாபுரிக்காரங்க தங்க அரசனோட அழுக்கையும் உட்கார்ந்து எழுதி வெச்சாங்க. தத்தெடுத்த பிள்ளை அப்பன் சாவுக்குக் காத்திருந்தது, மகன் தாயைக் கொன்னது, குதிரைக்குப் பதவி குடுக்கப் பார்த்ததுன்னு..."

"எழுதினது யாரு? அடுத்து வந்தவன் வீட்டுச் சோத்தைத் தின்னவன்தானே? முந்தினவனைக் கறுப்பாக்கினாத்தான் இவன் வெளுப்பா இருப்பான்."

"அது எனக்கும் தெரியும். அதுக்குக் கழிவு போட்டுத்தான் கட்டினோம்."

"எதுக்குக் கழிவு போட்டீங்களோ தெரியாது. படுத்தவன் எல்லாம் பேயாத்தான் எந்திரிக்கிறான்." அவர் குரல் தணிந்தது. "ஒன்பதாம் நாள் 'ஆகாது'ன்னு வந்துச்சுன்னா இந்த ஊர் காலியா இருக்க முடியாதும்மா. காவல்படை ஏத்துக்கும். தகுந்த ஆள் கிடைக்கிற வரைக்கும்."

"ரோமாபுரியிலயும் காவல்படை அப்படித்தான் சொல்லுச்சு."

"சொல்லியிருக்கும்," என்றார் கலியராயன். கோல் தரையைத் தட்டும் ஓசை நடைவழியில் தேய்ந்தது.

பூங்கோதை கோயிலுக்குப் போனார். மனம் கலங்கும்போதெல்லாம் அவர் போகுமிடம் அது. வளியே உருவாக எழுந்தருளிய இறைவனுக்குக் கூதிர்நகரில் ஒரு சிறு கருவறை உண்டு. சுடரும் மூச்சு விடுவதால், நகரம் முழுவதற்கும் அங்கே ஒரேயொரு விளக்குக்குத்தான் அனுமதி. ஏற்றுபவர் சுடர் எரியும்வரை அசையாமல், பேசாமல், மெல்ல மூச்சு விட்டு அமர்ந்திருக்க வேண்டும். தன் மூச்சில் ஒரு பங்கைச் சுடருக்கு ஈவதாக வழக்கம்.

திருமேனி தரையில் அமர்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தார். சோதனையில் தோற்ற இந்த ஆறாண்டில் அவர் பலகையிலோ நாற்காலியிலோ அமர்ந்ததை யாரும் கண்டதில்லை.

"புதுசா வந்த தம்பி எப்படிம்மா இருக்காரு?"

"உங்க வழியிலதான் போறார்."

திருமேனியின் விரல்கள் நின்றன. "எத்தனை பேரு?"

"பதினேழு."

"எனக்கு அதே வருஷத்துல முப்பது." அவர் திரியை நோக்கியே பேசினார். "உங்களை ஒண்ணு கேக்கலாமாம்மா? கோவிச்சுக்கக் கூடாது. ரோமாபுரியில நிஜமாவே அப்படித்தானா? ஒருத்தன்கூட 'வேண்டாம்'னு சொல்ல மாட்டானா?"

"என்ன சொல்றீங்க?"

"இருபது வருஷம்மா. மொத ஆளைக் கொல்லச் சொன்னப்போ என் கை நடுங்குச்சு. யாராவது தடுப்பாங்கன்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன். 'மண்ணகம் மகிழ, மாற்றார் நடுங்க'ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். மத்தவன் எல்லாம் கூடவே சேர்ந்துகிட்டான். அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது ஆளுக்குக் கை நடுங்கலை. என் பொண்டாட்டியா இருந்தவ, சமையல்காரன், முடிவெட்டுறவன், எல்லாரும் அப்படியேதான் பேசுவாங்க. கடைசியில நான் சாமின்னு நானே நம்பிட்டேன்." அவர் தலை நிமிரவில்லை. "திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்திருந்தா நான் இப்படி ஆயிருக்க மாட்டேன்னு சொல்லலை. ஆனா இருந்திருக்கலாம்."

பூங்கோதை எழுந்தார். எண்ணெய்க் கிண்ணம் கால் தட்டிக் கவிழ்ந்ததைக்கூட அவர் அறியவில்லை.

ஏட்டறையில் தேடவேண்டிய தேவையே இல்லை. அரண்மனையினர் வாயில் அப்பேச்சு எப்படி வந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. ரோமாபுரியைக் கட்டியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் நிகழ்ச்சிகளை எழுதியிருந்தார்கள். அவையோர் நாள்தோறும் அரசனிடம் பேசிய பேச்சு அழிந்துபோயிருந்தது. வெற்றுவாய்களோடு ஓர் அரண்மனையை இயக்க முடியாது. அரசவைத் தமிழ் வேண்டும், ஏராளமாக வேண்டும் என்றார்கள். தேர்ந்து கொடுத்தவர் அவரே. சோழ நாட்டிலும் பாண்டிய நாட்டிலும் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்திகள், பரணிகள், உலாக்கள், வாழ்த்துகள் என்று ஆறு திங்கள் கண் விழித்துத் தொகுத்தார். அரசரை இடித்துரைத்த புலவர் சொற்களும் அவர் கையில் இருந்தன. அரசன் செவியில் கடுஞ்சொல் விழுவது அவை மரபாகாது என்று தமக்குள் தீர்மானித்து, அந்த ஏட்டுக்கட்டை அவர் பெட்டியிலேயே வைத்துவிட்டார். எவரும் சொல்லிச் செய்ததன்று. தமிழின்மீது கொண்ட பேரன்பால் செய்தது.

அந்தப் பேரன்பு மூவரைத் தின்றிருந்தது. நான்காமவர் கூடத்தில் கிடந்தார்.

திரும்பி வந்தபோது திரையில் புதிய வரி ஓடியது. "பதினாறாம் ஆண்டு, தொடக்கம். ஆற்றுக்கு அக்கரையில் வாழ்வோர் விளையாட்டு அரங்கில் பேரரசரை ஏளனம் செய்தனர். அக்கரைக்குச் செல்லும் கல்வாய்க்காலை அடைப்பது குறித்து ஆலோசனை."

கீழைவட்டம், என்று நினைத்தார் பூங்கோதை. காற்றுக்குப் பதில் தண்ணீர்.

உறங்குபவரை இடையில் எழுப்பினால் அறிவு மீளாது. பழுதை அவையிடம் சொன்னால் சோதனை விழும், கலியராயன் எழுவார். இயக்குநர் பார்த்து வருவதற்கென்று இரண்டாம் இருக்கை ஒன்று இருந்தது; சோதனை நடக்கும்போது அதில் எவரும் படுக்கலாகாது என்பதும் சட்டம். சட்டத்தை எழுதிய கைகளுள் ஒன்று அவருடையது. இறைவன் பெயரைச் சொல்லி, ஒரு நாழிகைக்குக் கருவியைத் திருகிவைத்து, அவர் படுத்தார். இங்கே ஒரு நாழிகை, அங்கே பதின்மூன்று நாள்.

விளக்குகளுக்கு எண்ணெய் வார்க்கும் அடிமைப் பெண்ணாக, வேறொரு முகத்தோடு, அவர் அரண்மனையில் விழித்தார். இயக்குநர் என்பதால் தம் நினைவு தம்மிடமே இருந்தது. பளிங்குத் தரை குளிர்ந்தது. பன்னிரண்டு நாள் அவர் தூண்தோறும் நின்று கேட்டார். தாம் தொகுத்த சொற்கள் ஒவ்வொன்றும் உயிர்பெற்று, நறுமணம் பூசி, அந்தக் களைத்த மனிதரைச் சூழ்ந்து நின்றன. கண்ணீர் வந்தது. அழகுக்காகவும் வந்தது, அதை அவர் பிற்பாடு மறைக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஆணை எழுதிய மெழுகுப் பலகை வந்தது. சேந்தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். அமைச்சன் ஒருவன் கைகளை உயர்த்தினான்.

"திக்கெட்டும் நின்திரு ஆணை செல்ல, தெவ்வர்தம் முடிமேல் நின்னடி பொலிய..."

"வேண்டாம் ஐயா," என்றார் பூங்கோதை.

எண்ணெய்க் குடம் அவர் இடுப்பில் இருந்தது. அமைச்சன் வாய் திறந்தபடி நின்றது. அவர் தொகுத்துக் கொடுத்த சொற்களில் அதற்கு மறுமொழி இல்லை.

"யார் நீ?"

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தறவ. தண்ணியை அடைக்காதீங்க. அங்க கைக்குழந்தைங்க இருக்கு."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. அதான் குரல் நடுங்குது."

சேந்தன் அவரை நெடுநேரம் பார்த்தார். வழிதவறிய ஒருவன் தொலைவில் தன் ஊர் விளக்கைக் கண்ட பார்வை அது. அப்போது அமைச்சன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான், மற்றவர் குரல்கள் சேர்ந்தன, மண்டபம் நிறைந்தது. பார்வை மங்கியது. பதினாறாண்டுப் பழக்கம் அந்தக் கையைத் தானே உயர்த்தியது. கை காட்டிய திசையில் பூங்கோதையை இழுத்துப் போனார்கள். போகும்போது முத்திரை மெழுகில் அமுங்கும் ஓசை கேட்டது.

மாலையில் வாள் இறங்கியது.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இருக்கையில் எழுந்தார். நாழிகை முடிந்திருந்தது. தோற்றோம் என்று எண்ணியபடி திரையை நோக்கினார். ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. "மறுநாள் காலை: வாய்க்காலை அடைக்கும் ஆணையைப் பேரரசர் மீளப்பெற்றார். காரணம் பதிவாகவில்லை."

ஒன்பதாம் நாள் முற்பகல் சேந்தன் விழித்தார். அவையோர் ஐவரும், கலியராயனும், கதவோரம் தரையில் திருமேனியும் இருந்தனர். அவையின் மூத்தவர் திரையைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாறாம் வருஷத்துக்கு அப்புறம் ஒரு கொலைகூட இல்லை. நாலு வருஷம் நல்லாட்சி. என்னைக் கேட்டா, ஆகும்."

"ஆகாது," என்றார் சேந்தன். ஒன்பது நாள் பேசாத குரலில் துரு ஏறியிருந்தது. "என்கிட்ட ஒரே ஒருத்தங்கதான் வேண்டாம்னு சொன்னாங்க. அவங்களைக் கொன்னுட்டேன். காலையில எந்திரிச்சு அவங்களுக்கு ஒரு கல்லாவது நடலாம்னு பேரைக் கேட்டேன். அரண்மனையில ஒருத்தனுக்கும் தெரியலை. நாலு வருஷம் என் ஆசனத்துக்குப் பக்கத்துல ஒரு முக்காலியைக் காலியாப் போட்டுவெச்சேன். யாரும் வந்து உட்காரலை." அவர் பூங்கோதையிடம் திரும்பினார். "உங்க ஏட்டுல அவங்க பேர் இருக்குமா?"

"இருக்கு தம்பி," என்றார் அவர். "பூங்கோதை."

சேந்தன் அவர் கழுத்தைப் பார்த்தார். பிறகு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பூங்கோதை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். தொகுத்ததை, விட்டதை, படுத்ததை. "நாலு பேரைக் கெடுத்தது என் கை. மழைக்குள்ள நடந்து போனவருக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேன்னு தெரியலை. என்ன தண்டனையானாலும் குடுங்க."

"சட்டத்தை மீறியாச்சு. சோதனை செல்லாது," என்றார் கலியராயன். கோல் முன்னே வந்தது. "அவையோர் எல்லாரும் கேட்டீங்க. இனி..."

"செல்லாது. அதான் நானும் சொல்றேன்," என்றார் பூங்கோதை. "ஆசனத்துல உட்கார்றவனையே திரும்பத் திரும்பச் சோதிச்சோம். சுத்தி நின்னவங்களை யாரும் சோதிக்கலை. பெயரிலி கீழைவட்டத்தை அடைக்கச் சொன்ன அன்னிக்கு அந்த அறையில யார் யார் இருந்தாங்க? கல்லுல அவன் பேரோட அவங்க பேரையும் சேர்த்துச் செதுக்கிட்டோம். அவனை மறக்கணும்னு செதுக்கினதா நினைச்சோம். தப்பிச்சது அவங்கதான்."

கலியராயன் பேச வாயெடுத்தார். முகத்தில் என்னவோ தளர்ந்தது. கோலை மெல்லச் சுவரில் சாய்த்தார்.

"அன்னிக்குக் காத்தடைப்பைத் திருப்பினது இந்தக் கைதான்."

அவையின் மூத்தவர் பாதி எழுந்து அமர்ந்தார்.

"இருபத்திரண்டு வயசு. நாலு பேர் நின்னோம். மத்த மூணு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. 'திருப்பு'ன்னான். வேண்டாம்னு வாய்வரைக்கும் வந்துச்சும்மா. முழுங்கிட்டேன். உள்ளே இருந்து கதவைத் தட்டினாங்க. அப்புறம் தட்டலை." அவர் தம் கையை அயலார் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னொருத்தன் சொல்லி நான் செய்யிற நிலைமை மறுபடி வரக்கூடாதுன்னுதான் இந்த ஆட்சியைக் கேட்டேன். ஆசையில கேக்கலை."

"நீங்க உட்கார்ந்திருந்தா, உங்க அடைப்புக்கிட்ட இன்னொரு இருபத்திரண்டு வயசுக்காரன் நின்னிருப்பான்," என்றார் திருமேனி தரையிலிருந்து.

கலியராயன் தலையசைத்தார்.

அவை நெடுநேரம் பேசியது. கலியராயனும் பூங்கோதையும் தத்தம் பொறுப்பை விட்டு இறங்குவது, கீழைவட்டத்தில் இறந்தோர் பெயரையும், பெயரிலியின் இயற்பெயரையும், அன்று நின்ற நால்வர் பெயரையும் மீண்டும் கல்லில் வெட்டுவது, ரோமாபுரியை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. சேந்தன் வளிக்காவலர் பதவியை இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை ஒரு நிபந்தனையோடு இசைந்தார்.

"பக்கத்துல ஒரு முக்காலி வேணும். அதுல உட்கார்றவரை நான் நீக்க முடியாது, தொட முடியாதுன்னு எழுதுங்க. திருமேனி ஐயா, நீங்க வாங்க. மேல உட்காருங்க."

"வேண்டாம்," என்றார் திருமேனி. "நான் தரையில இருந்தே சொல்றேன்."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மூத்தவர் சிரித்துவிட்டார். ஒன்பது நாளுக்குப்பின், அல்லது இருபது ஆண்டுக்குப்பின், சேந்தனும் சிரித்தார். "சரிங்க ஐயா," என்றார்.

மறுநாள் நடை திறக்கும் வேளையில் கலியராயன் கோலின்றிக் கோயிலுக்கு வந்தார். பூங்கோதையும் திருமேனியும் முன்னரே அங்கிருந்தனர். திருமேனி, தாம் திரித்து வைத்த திரியை அவரிடம் நீட்டினார். கலியராயன் அகலில் பாசி எண்ணெய் வார்த்தார். இடக்கையால் வலக்கையைத் தாங்கிப் பிடித்துச் சுடர் ஏற்றினார். பிறகு அமர்ந்து, வழக்கப்படி மூச்சைச் சுருக்கினார். சுடர் வளர்ந்தது. காற்றோட்டமில்லாத கருவறையில் அது அசைந்தது; மூவரும் கண்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் இடையே அவர் உதடுகள் ஓசையின்றி ஒரு பெயரைச் சொல்லின. நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் அவருக்கு மனப்பாடமாயிருந்தன.

எண்ணெய் தீர்ந்து சுடர் அடங்கியபின் பூங்கோதை தாழ்ந்த குரலில் பாடினார். புதிய பாட்டு, எந்த அரசன் பெயரும் அதில் இல்லை.

"மழையே பொழிக, மாடம் நிற்க, மூச்சே முதலாய் நின்றோன் அருளால் எளியோர் காற்று தடையின்றி வருக, ஆள்வோர் செவிகள் திறந்தே இருக்க, அஞ்சிய நாவும் அஞ்சாது உரைக்க, மாண்டோர் பெயரை மறவாது வாழ்க, வாழ்க இவ்வூர், வாழ்க எவ்வுயிரும்."